திருநள்ளாற்றில் தொலைந்த சைக்கிள்

திருநள்ளாற்றில் எது தொலைந்தாலும் யாரும் தேட மாட்டார்கள். சனி விட்டது என்று போய்விடுவார்கள். செருப்பு, குடை என்றால் சரி. என் சைக்கிள் தொலைந்தபோதும் அதையேதான் சொன்னார்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிற்று.

அப்போது எண்பதுகளின் தொடக்கம். தருமபுரத்திலிருந்து சுரக்குடி பால்வாடிக்குத் தினமும் அந்த லேடீஸ் சைக்கிளில்தான் போய்வந்தேன். பஸ்ஸை நம்பினால் பிள்ளைகள் பூட்டிய கதவுக்கு முன்னால் காத்துக் கிடக்கும். தாமதமாக வந்ததற்கு ஏற்கெனவே இரண்டு தடவை எழுதி வாங்கியிருந்தார்கள். சைக்கிள் போனால் வேலையும் போச்சு, அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை என் கணவர், தன் வண்டி பஞ்சர் என்று சொல்லி, என்னுடையதை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். வெறுங்கையோடு திரும்பினார். ஸ்டாண்டில் விட்டதாம், காணோமாம், டோக்கனும் கூட்டத்தில் விழுந்துவிட்டதாம். பீடை தொலைந்தது என்று விட்டுவிட்டு வீட்டில் இரு என்றார்.

மறுநாளே ஸ்டாண்டுக்காரரிடம் போய், ஊரார் வண்டியைத் தின்று கொழுக்கிறீர்களா என்று கடைத்தெருவே பார்க்கக் கேட்டேன். தேடிப்பார்க்கிறேன் என்றார், தலையை நிமிர்த்தாமல். ஒரு மாதம் போகும்போதும் வரும்போதும் அவரைத் திட்டினேன். பஸ்ஸில் நசுங்கி, மீதி தூரம் நடந்து, முட்டி வீங்கியதுதான் மிச்சம். சலித்துப்போய் ராஜினாமாக் கடிதம் எழுதிப் பையில் வைத்துக்கொண்டேன்.

அதைக் கொடுப்பதற்குள், சுரக்குடி வாய்க்கால் பாலத்தில் ஒருவர் என் சைக்கிளில் புல்லுக்கட்டோடு வந்தார். சீட்டில் நான் தைத்துப் போட்ட பச்சை உறை அப்படியே இருந்தது. மறித்தேன். அவர் பதறவேயில்லை.

"உங்க வீட்டுக்காரருதாம்மா வித்தாரு. ஓட்ட ஆளில்லன்னாரு."

வீட்டில் கேட்டேன். பொம்பளை சைக்கிளில் போனால் நாலு பேர் சிரிக்கிறார்கள் என்றார். சண்டை போடக்கூட எனக்குத் தெம்பில்லை. கடிதத்தை மட்டும் அவர் எதிரில் கிழித்துப் போட்டேன்.

அடுத்த நாள் ஸ்டாண்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் என்னைப் பேசவிடவில்லை.

"அன்னைக்கி அவரு இங்க வண்டியே விடலம்மா. சொன்னா உங்க வீட்டுல சண்டை வருமேன்னுதான் பேசாம இருந்தேன்."

பக்கத்துப் பூக்கடைக்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. ஒரு மாதமாக நான் கத்தியதையெல்லாம், பாவம் என்று நினைத்துக்கொண்டே எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்.