தறி அறைக்கு நான் கீறின படம்

என்ட மாப்பிள கட்டார்ல வேலை. போய் ஆறு வருஷம். "கடல் பக்கமாத் தறிக்கு ஒரு அறை கட்டி முடிங்க புள்ள, அண்டைக்கே நான் வந்து தறியைப் பூட்டி நெய்யத் தொடங்கிருவன்" எண்டு சொல்லிட்டுத்தான் போனவரு. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நான் ஊடு கட்டத் தொடங்கினன்.

ஏன் கடல் பக்கம் எண்டு தறிக்காரருக்குச் சொல்லத் தேவல்ல. எங்கட மருதமுனையில கச்சான் காத்து மேற்கால அடிக்கத் தொடங்கினா, நூல் காய்ஞ்சி பொட்டுப் பொட்டெண்டு அறும். கடல் காத்தில ஈரம் இரிக்கு, நூல் இழுத்த இழுப்புக்கு வரும். வெளிச்சம் வடக்கு யன்னலால வரணும். வெயில் நேரா உழுந்தா நிறம் மாறித் தெரியும். யன்னல் எவ்வளவு அகலம், கூரை வளை எவ்வளவு உயரம், எல்லாத்தையும் போன்ல கதைச்சிக் கதைச்சித்தான் முடிவெடுத்தம். கலியாணம் முடிச்ச புதுசிலகூட நாங்க இவ்வளவு கதைச்சதில்ல.

படம் கீற ஆள் பிடிக்கல்ல. நான்தான் கீறினன். குமரா இருந்த காலத்திலயே வாப்பாட தறிக்குச் சேலைப் பூக் கீறினவள் நான். கட்டம் போட்ட தாள், ஒரு கட்டம் ஒரு நூல். ஊட்டுக்கு ஒரு கட்டம் ஒரு அடி எண்டு வெச்சன். அவ்வளவுதான் வித்தியாசம் எண்டு நினைச்சன், மடச்சி!

எங்கட தறியில பூச்சேலை நெய்யக்கொள்ள நல்ல பக்கம் கீழ இரிக்கும். நெய்யிறவர் காண்றது பின்பக்கம். அதால பூவை இடம் வலம் மாத்தித்தான் தாள்ல கீறுவம். கை அப்பிடியே பழகிட்டு. ஊட்டையும் மாத்திக் கீறிட்டன். கிழக்கில, கடல் பக்கம் வரவேண்டிய நீட்டுத் தறி அறை மேற்கில கிடக்கு. திசையும் போடல்ல. போட்டோ எடுத்து அனுப்பினன். அவரும் தறிக்காரர்தானே, மனசுக்குள்ள திருப்பிப் பார்த்திட்டு, "கணக்கா இரிக்கு புள்ள" எண்டாரு. அந்தத் தாளைச் சரியா வாசிக்க இந்த உலகத்தில ரெண்டே பேர்தான். எனக்கு அதில ஒரு பெருமையும் இருந்திச்சி.

மேசன் காக்கா அட்டாளைச்சேனை ஆள், தறி பழக்கமில்ல. தாள்ல இருந்தபடியே கட்டினாரு. அத்திவாரக் கிடங்கில எனக்கு ஒண்டும் விளங்கல்ல. சுவர் யன்னல் மட்டத்துக்கு வந்த அண்டுதான் தறி அறைக்குள்ள போய் நிண்டன். கச்சான் நேரா வந்து முகத்தில சுட்டிச்சி.

"யா அல்லாஹ், இது என்ன வேலை காக்கா!"

அவர் தாளை நீட்டினாரு. "நீங்க கீறினதுதானே தங்கச்சி?"

நான் கீறினதுதான்.

அண்டு பின்னேரம் அழுதழுது வொய்ஸ் அனுப்பினன். அவர் ஏசுவாரு எண்டு பயந்து கிடந்தன். முந்தியெல்லாம் ஒரு நூல் பிழைச்சாலே வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிற மனுசன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சி கோல் எடுத்தாரு. குரல் ஆறுதலா இருந்திச்சி.

"போனாப் போகட்டும் புள்ள. அந்த அறையை ரியூசன் வகுப்புக்குக் கேப்பாங்க. வாடகைக்குக் குடுங்க."

"அப்ப தறி, மச்சான்?"

"பாப்பம்" எண்டாரு. சாப்பிட்டீங்களா எண்டு கேட்டாரு. வெச்சிட்டாரு.

கண் பொட்டையா எண்டு கேட்டிருக்கலாம். உனக்கெல்லாம் என்னத்துக்குப் பென்சில் எண்டு கத்தியிருக்கலாம். சத்தியமா, அந்த ஏச்சுக்கு நான் ஏங்கிப் போனன். அறை எந்தப் பக்கம் இருந்தாலும் அவருக்கு இப்ப ஒண்டுதான்.

சனிக்கிழமை காலைல மேசன் காக்கா வந்து, "என்ன தங்கச்சி, லிண்டலுக்குக் கம்பி கட்டவா?" எண்டு கேட்டாரு.

"நடுச்சுவரை உடைங்க காக்கா. நீட்டு அறை கடல் பக்கம் வரணும்."

அவர் என்னை ஒருக்காப் பார்த்தாரு. "மாப்பிள ஓமெண்டு சொல்லிட்டாரா?"

"ஓம் காக்கா" எண்டன். "அடுத்த மாசம் வாறாராம்."