நடுச்சுவர்

பதுளையில் எங்கள் திட்டமிடல் அலுவலகத்தில் மாகாண வரைபடத்தை விரித்து வைத்திருந்தபோதுதான் அந்த யோசனை தோன்றியது. மண்சரிவு அபாயத்துக்குச் சிவப்பு அடித்த ஒரு சரிவில் என் விரல் நின்றுவிட்டது. அம்மா இருக்கிற லயம், தேயிலைத் தோட்டத்தில் காம்பரா என்கிற ஒற்றை அறைகளை ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை. நிலைபேறான அபிவிருத்தி என்று பக்கம் பக்கமாக எழுதுகிறேனே, அதை ஏன் அங்கேயே தொடங்கக் கூடாது? கீழே சமதரையில் ஆளுக்கொரு தனி வீடு. மேலே சரிவு முழுக்கக் காடு. அங்கிருக்கிற நீரூற்றுக்கும் காவல். அன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன். எதற்கும் பொறுக்காத புத்தி எனக்கு.

லயங்களையே மண் மூடிய மீரியபெத்த சரிவுக்குப் பிறகு இந்தப் பக்கம் அடைமழை என்றாலே யாருக்கும் தூக்கமில்லை. திட்டத்துக்கு அனுமதி வந்தது, வீடுகளும் எழும்பின.

வீடு பங்கிட கோயிலடியில் கூட்டம். தோட்டத்துச் சங்கத் தலைவர் நல்ல வீடுகளைத் தன் சொந்தக்காரர்களுக்கு ஒதுக்கிவிடுவாரோ என்று எல்லாருக்கும் பயம். சீட்டுக் குலுக்கித்தான் தரணும் என்று ஒரே சத்தம். அம்மாவும் பக்கத்துக் காம்பராப் பெரியம்மாவும்தான் அதில் முன்னணி.

"தலைவரே, சீட்ட ஒங்க மடியில வச்சுக் குலுக்காதீங்க, சட்டியில போடுங்க" என்றார் பெரியம்மா. கூட்டமே சிரித்தது, தலைவரும்தான்.

அம்மாவுக்கு ரோட்டோர வீடு விழுந்தது. பெரியம்மாவுக்கு ஆற்றோரம், மறுகோடி.

பெரியம்மா எங்களுக்குச் சொந்தமில்லை. பிள்ளைகள் கொழும்பில், இங்கே தனியாள். அம்மா வரப் பிந்தினால் எனக்குச் சோறு போட்டவர். லயத்தில் இரண்டு காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர். விடிந்ததும் அம்மா கரண்டியால் அதைத் தட்டுவார். அந்தப் பக்கமிருந்து பதில் தட்டு வந்த பிறகுதான் எங்கள் அடுப்பில் தேத்தண்ணி ஏறும். அப்புறம் இரண்டு பேரும் ஒன்றாகப் பெரட்டுக்கு, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, நடப்பார்கள்.

புது வீட்டில் முதல் மழைக்காலம். ஒருநாள் பெரட்டில் பெரியம்மாவைக் காணவில்லை. முந்திப் போயிருப்பாள் என்று அம்மா நினைத்துக்கொண்டு மலை ஏறிவிட்டார். மத்தியானம் இறங்கி வந்து பார்த்தால் கதவு உள்ளே பூட்டியிருந்தது. உடைத்து உள்ளே போனார்கள். அடுப்படியில் விழுந்து கிடந்தார். விடியலிலேயே விழுந்திருக்கிறார், ஆனால் உயிர் போய் ரொம்ப நேரம் ஆகவில்லை என்றார் டாக்டர்.

அடக்கம் முடிந்து வந்து அம்மா புது வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

"நல்ல வீடுதான் தம்பி. மழைக்குப் பயமில்ல. ஆனா கத்துனாலும் யாருக்கும் கேக்காது."

அதே மழையில் பழைய லயத்தின் பின்பக்கம் சரிந்தது. மாற்றியது சரிதான் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? சாப்பிட உட்கார்ந்தால் பெரியம்மா முகம்தான் வருகிறது.

அடுத்து பண்டாரவளைப் பக்கம் ஒரு லயத்து ஆட்களைக் கீழே குடியேற்றப்போகிறோம். அங்கேயும் சீட்டுத்தான் கேட்பார்கள். ஆளுக்கொரு சீட்டு வேண்டாம், சேர்ந்து இருக்க விரும்புகிறவர்களுக்குச் சேர்த்து ஒரே சீட்டாகப் போடலாம் என்று கேட்கப்போகிறேன். வேலை இழுபடும் என்கிறார் மேலதிகாரி. இழுபடட்டும். ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிப்போகிறேன். யாருக்குப் பக்கத்தில் யார் வேணும் என்று அம்மா வீடு வீடாகக் கேட்கட்டும்.