கேப்டன் பாய் வாங்கிய வாக்கி

கோட்டக்குப்பத்தில் ஹமீத் என்று கேட்டால் நாலு பேரைக் காட்டுவார்கள். கேப்டன் பாய் என்று கேட்டால் ஒருவரைத்தான் காட்டுவார்கள். துபாயில் ஒரு அரபியின் உல்லாசப் படகை இருபத்து நாலு வருஷம் ஓட்டியவர் என்பது ஊரறிந்த சேதி. ஊருக்கு அதைச் சொன்னவரும் ஹமீத்தான். உண்மையில் அங்கே அவருக்கு அந்தப் படகைக் கழுவுகிற வேலை. அடியில் ஒட்டிய பாசியைச் சுரண்டி, மருந்துத் தண்ணீர் ஊற்றித் தேய்க்க வேண்டும். ஸ்டியரிங்கைத் துடைத்திருக்கிறார், திருப்பியதில்லை.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் மனைவி நஃபீசா பீவிக்குப் போன் போடுவார். "இந்த வாரம் அரபியோட போட்ட எங்க எடுத்துக்கினு போனீங்க?" என்று அவள் கேட்பாள். இவர் தீவு, டால்பின், சூறாவளி என்று ஒரு மணி நேரம் அளப்பார். வேலையை விட்டு ஊரோடு வந்து சேர்ந்த பிறகுதான் சங்கடம். எதிரெதிரே உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் வரவில்லை. "சோறு போடட்டா?" "போடு." அத்தோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

டீக்கடையில் சும்மா விடுவார்களா? கேப்டன் எப்போது கடலில் இறங்கப்போகிறார் என்று தினமும் நோண்டினார்கள். பொறுக்கமாட்டாமல் ஹமீத் ஒரு பழைய ஃபைபர் படகை வாங்கினார். மீன் பிடிக்க அல்ல, ஜாலியாக ஒரு சுற்று போய்வர. பக்கத்துக் குப்பத்து மீனவன் பூவரசனை நாலு நாள் ஓட்டச் சொல்லி, மேற்பார்வை பார்ப்பதுபோல் உட்கார்ந்து ஓரக்கண்ணால் கற்றுக்கொண்டார். சாவியைத் திருப்பினால் இன்ஜின் ஓடுகிறது. இதற்கா இத்தனை பெருமை என்று நினைத்துக்கொண்டார்.

நஃபீசா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். செல்போன் எட்டாத இடத்திலிருந்தும் அவர் பேசுவது தனக்குக் கேட்க வேண்டும்.

புதுச்சேரியில் படகுச் சாமான் விற்கும் செல்வகுமார் மீனவர்கள் வாக்கி என்று சொல்லும் வாக்கி-டாக்கிகளில் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று கையில் பிடித்துக்கொள்வது. ஐந்து வாட், தனக்கென்று தனி பேட்டரி, தண்ணீரில் விழுந்தால் மிதக்கும். மற்றது படகில் திருகிப் பொருத்துவது. இருபத்தைந்து வாட், ஆளுயர ஏரியல், படகின் பேட்டரியில் ஓடும்.

"உங்க போட்டுக்குச் சின்னது போதுங்க. உங்ககிட்ட இருக்கறது ஒரே பேட்டரி. பெருச மாட்டினா இன்ஜின் ஸ்டார்ட் ஆவறதுக்கும் அதான், வாக்கிக்கும் அதான்" என்றார் செல்வகுமார்.

"சின்னதே எடுங்களேன்" என்றாள் நஃபீசா.

"இது பசங்க வெளாட்டுச் சாமான் மாதிரி கீது. அரபி போட்ல பெருசுதான் இருந்துச்சி" என்றார் ஹமீத்.

அது பொய்யில்லை. அதையும் வாரம் இரண்டு தடவை துடைத்திருக்கிறார்.

பெரியதையே வாங்கிப் படகில் பொருத்தி, அனுமதித் தாள்களுக்கு அலைந்து முடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஹமீத் தனியாகக் கிளம்பினார். கரையில் பூவரசனின் கொட்டகையில் நஃபீசா அவனுடைய வாக்கியோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவன் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க, எங்க போய்க்கினு இருக்கீங்க?"

இன்ஜின் இரைச்சலில் பாதிதான் கேட்டது. ஹமீத் இன்ஜினை அணைத்தார். இப்போது அவள் குரல் பழைய வெள்ளிக்கிழமை போலத் தெளிவாக வந்தது. அவ்வளவுதான், இருவரும் பேச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மகன் ரய்யானுக்கு வந்த சம்பந்தம், அவளுடைய முழங்கால் வலி, அவளுடைய தங்கையின் வாய்க்கொழுப்பு எல்லாம் வந்தது. ஹமீத் போகிற போக்கில் ஒரு டால்பினையும் விட்டார். ஊருக்கு வந்து ஏழு மாதமாகப் பேசாததை ஐம்பது நிமிஷத்தில் பேசித் தீர்த்தார்கள்.

பிறகு சாவியைத் திருப்பினார். டிக் என்றது. மறுபடி திருப்பினார். அந்த டிக்கும் வரவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் பூவரசன் வாக்கியை வாங்கினான். "பேட்டரி எறங்கிடுச்சி கேப்டன் பாய். வாக்கியும் இன்னும் ரெண்டு நிமிசந்தான். எந்த எடத்துல கீறீங்க? ஜிபிஎஸ் நம்பரச் சொல்லுங்க, வந்து இழுத்துக்கினு வர்றோம்."

அந்த நம்பரை எதில் பார்ப்பது என்று ஹமீத்துக்குத் தெரியாது.

"சரி வுடுங்க, கயித்தப் போட்டு இழுத்துடுங்க. உங்களுக்குத் தெரியாததா."

எந்தக் கயிறு? எதில் போடுவது? நீரோட்டம் படகை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. கரையில் இருந்த தென்னைமரங்கள்கூட இப்போது தெரியவில்லை. வாக்கியின் விளக்கு மங்கியது. கேட்டால் கௌரவம் போகும், கேட்காவிட்டால் உயிர் போகும். அந்த நிலையிலும் ஹமீத் அரை நிமிஷம் கௌரவத்தின் பக்கம்தான் சாய்ந்தார். அந்தப் பக்கம் நஃபீசா கேட்டுக்கொண்டிருக்கிறாளே.

"பூவரசா, எனக்குப் போட்டு ஓட்டத் தெரியாதுப்பா. அங்க நான் கழுவிக்கினுதான் இருந்தேன். எந்தக் கயிறுன்னு சொல்லு."

பதிலுக்கு நஃபீசாவின் குரல் வந்தது.

"தெரியும்ங்க. மொத லீவுல வந்தப்பவே உங்க ரெண்டு கையும் தோலு உரிஞ்சி கெடந்துச்சி. நாந்தான எண்ணெ தடவி வுட்டேன். பூவரசன் சொல்றான், மொதல்ல இன்ஜின் மூடியத் தொறங்க."

பூவரசன் சொல்லச்சொல்ல மூடியைத் திறந்து, உள்ளே இருந்த கயிற்றைச் சக்கரத்தில் சுற்றினார். நடுவே புதுக் குரல் ஒன்று புகுந்தது. "பாய், மரக்காணத்துலேர்ந்து பேசறேன். கால நல்லா ஊணிக்கினு இழுங்க." இன்னொருவன், "அண்ணிக்கு முட்டி வலிக்குக் கடுகெண்ணெ நல்லது" என்றான். இருபத்தைந்து வாட்டின் சிறப்பு அப்போதுதான் ஹமீத்துக்கு விளங்கியது. ஒரு மணி நேரமாகக் கடற்கரை மொத்தமும் அவர் குடும்பத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

வாக்கி செத்தது. ஏழாவது இழுப்பில் இன்ஜின் பிடித்தது. ஹமீத் கரைவரை அழுதுகொண்டே வந்தார்.

கரையில் சிரித்த முகங்களைத் தாண்டி, நஃபீசாவோடு வீட்டுக்கு நடந்தார். பள்ளிவாசல் தெரு திரும்பியதும் கேட்டார்.

"தெரிஞ்சிக்கினே எதுக்கு வாரா வாரம், போட்ட எங்க எடுத்துக்கினு போனீங்கன்னு கேட்ட?"

நஃபீசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இன்னிக்கு எத்தினி தபா கழுவினீங்கன்னு கேட்டிருந்தா, நீங்க போன் பண்ணியிருப்பீங்களா?"