திரும்பி வந்த ஆர்மோனியம்

எங்கள் ஊர்ப்பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு உரியது. மகளுக்குக் கல்யாணமானால் மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்துவிடுவார். தாயும் தகப்பனும் மிச்சப் பிள்ளைகளோடு வேறு வீடு கட்டிக்கொண்டு விலகுவார்கள். களுதாவளையில் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, அதே வளவின் பின்பக்கத்தில் எங்களுக்கு ஒரு சிறிய வீடு எழும்பியது. எந்தப் பொருள் எந்த மூலையில் என்று சுவர் எழும்ப முன்னரே அம்மா தீர்மானித்திருந்தார். அதில் அப்பாவின் சாமான்களுக்கு மூலை இல்லை.

கந்தோர் வேலை விட்டு வந்த மாலைகளில் அப்பா பழகிப் பார்த்துக் கைவிட்டவை எல்லாம் பழைய வீட்டின் பக்கத்தறையில் கிடந்தன. ஆர்மோனியம் ஒன்று, அவருடைய சங்கீதம் இரண்டாவது பாட்டின் நடுவில் நின்றுபோயிருந்தது. தேனீப் பெட்டி ஒன்று. பல்லி முட்டையிட்டதே தவிர, தேனீ எட்டியும் பார்க்கவில்லை. கண்ணாடி மீன்தொட்டி ஒன்று; வாவியில் பிடித்து அவர் அதில் வளர்த்த மீன்கள் கொஞ்சம் கொழுத்ததும், அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து அம்மா அவற்றைப் போட்டுப் புளியாணம் காய்ச்சிவிட்டார்.

"புள்ளைக்குக் குடுக்கிற வீடு. உள்ளுக்க ஒரு குப்பையும் கிடக்கப்படா," என்றார் அம்மா. அந்த அறை மாப்பிள்ளைக்கு. அப்பா வாதாடவில்லை. "ஓம், அயலுக்குக் குடுத்திட்டு வாறன்," என்று ஒவ்வொன்றாகச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். ஆனால் தான் கைவிட்டதைத் தன் வாயால் சொல்ல அவருக்குக் கூச்சம். போன வீட்டில் சாமானை விறாந்தையில் இறக்கி வைப்பார், மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார், வந்துவிடுவார்.

அறையைக் கழுவும் வேலை என்னுடையது. தேங்காய்த் தும்பு போட்டுத் தேய்த்து, யன்னல் கம்பிகளையும் துடைத்தேன். வெறுமையான அந்தச் சீமெந்துத் தரையைப் போல அழகான ஒன்றை அதுவரை நான் கண்டதில்லை.

கல்யாணம் முடிந்து சனம் கலைந்த பிறகு, ஒரு காலையில் பக்கத்து வீட்டு மாமி ஆர்மோனியத்தை இடுப்பில் ஏந்திக்கொண்டு படலையைத் திறந்தார்.

"இந்தாகா, உங்கட பெட்டி. எலி தொடாமப் பாத்திருக்கன். காத்துப் போற ஓட்டைக்கும் துணி ஒட்டியிருக்கு."

அப்போதுதான் அம்மாவுக்கு விளங்கியது. கல்யாண வீட்டுக் கூட்டத்தில் உடையக்கூடிய சாமான்களை அயலில் பாரம் கொடுத்து வைப்பதும், எல்லாம் முடிந்ததும் அவர்கள் பத்திரமாகக் கொண்டுவந்து தருவதும் எங்கள் ஊர் வழக்கம். மாமிக்குப் பின்னால் மீன்தொட்டி வந்தது, பளபளவென்று கழுவப்பட்டு. தேனீப் பெட்டி மட்டும் வரவில்லை. அது இருந்த வீட்டுக்காரர் வெறுங்கையோடு வந்து மன்னிப்புக் கேட்டார்.

"இப்ப தூக்க ஏலா. உள்ளுக்கப் பூச்சி குடிவந்திட்டு."

"தேன்பூச்சியா?" என்ற அப்பா, பதிலுக்கு நிற்காமல் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். திரும்பியபோது ஒரு கண் வீங்கியிருந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு.

அத்தான் சித்தாண்டியிலிருந்து வந்தவர். வந்த நாள் தொட்டுக் கதிரையின் நுனியில்தான் உட்கார்ந்திருப்பார்; தண்ணீர் வேண்டுமென்றாலும் அக்காவின் காதில்தான் கேட்பார். அவர் எழுந்து ஆர்மோனியத்தின் பக்கத்தில் வந்து நின்றார்.

"இத எங்க வைக்கப் போறீங்க, மாமா?"

"எங்கட புது வீட்டில இடமில்ல, தம்பி," என்று அம்மா முந்திக்கொண்டார். "அறையிலயும் வைக்க ஏலா. அது இப்ப உங்கட அறை."

"என்ட அறையெண்டா நான்தானே சொல்லோணும்," என்றார் அத்தான். "அங்கயே வைப்பம்."

அந்த வீட்டில் அவர் குரல் எல்லாருக்கும் கேட்டது அன்றுதான். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா அவரை ஒரு கணம் பார்த்தார். "அப்ப அது உங்கட பெட்டி, மருமகன். நான் இனிக் கேக்க மாட்டன்," என்று ஒரு பக்கத்தைத் தூக்கினார், அத்தான் மறுபக்கத்தைத் தூக்கினார். கொஞ்ச நேரத்தில் அறைக்குள்ளிருந்து ஒரு பாட்டின் முதல் அடி கேட்டது, பிழையாக. "நானும் அதிலதான் தடக்குப்பட்டன்," என்று அப்பா சந்தோசமாகச் சொல்வதும் கேட்டது.

எனக்குத்தான் ஆத்திரம். அத்தனை தேய்த்த தரை. "நீங்கதானே எல்லாத்தையும் குடுக்கச் சொன்ன நீங்க," என்று அம்மாவிடம் போய் நின்றேன். அம்மா உள்ளே போய், யன்னல் சாரல் படாதபடி பெட்டியைச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டு, இருவருக்கும் தேத்தண்ணி போடப் போனார்.

அப்பாவும் ஒருநாள் ஒற்றை ட்ரங்குப் பெட்டியோடு அந்தப் படலையைத் திறந்து வந்தவர்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவர் அந்த வீட்டிலேயே பிறந்தவர் என்றுதான் நினைத்திருந்தேன்.