கோபித்துக்கொண்டு போன மழைத் தெய்வம்

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அத்தை எங்களோடு செங்கல்பட்டில் இருந்தாள். அப்பாவின் ஒரே தங்கை, சரித்திரத்தில் எம்.ஏ. முடித்தவள். துருக்கியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஹத்தி மக்களின் மழைத் தெய்வங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய அவளுக்கு டெல்லியில் இடம் கிடைத்திருந்தது. நம் ஊர் மாரியம்மனுக்கு என்ன குறைச்சல் என்று கேட்டார் அப்பா.

எனக்குத் தலை பின்னிவிடும்போதெல்லாம் அத்தை அந்தக் கதைகளைச் சொல்வாள். மழைக் கடவுளின் மகன் தெலிபினு ஒருநாள் கோபித்துக்கொண்டு, செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு போய்விட்டான். ஊற்றுகள் வற்றின, ஆடுகள் குட்டிகளை அண்டவிடவில்லை. கழுகு தேடியும் கிடைக்காதவனை ஒரு தேனீ கண்டுபிடித்துக் கொட்டி எழுப்பியது. அவனோ கோபம் இரட்டித்து வெள்ளத்தை ஏவிவிட்டான். பிறகு சாந்தமாகி வீடு திரும்பியதையும் அத்தை சொல்லித்தான் இருப்பாள். என் மனதில் நின்றது காட்டிக்கொடுத்த தேனீயும் வெள்ளமும்தான்.

மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதாக இருந்த வாரத்தில் அப்பா அந்த டெல்லிக் கடிதத்தைக் கிழித்துப் போட்டார். மறுநாள் காலை அத்தை ஒரு பையோடு கிளம்பினாள். வாசலில் என் காதருகே குனிந்து, "கடப்பாக்கத்துல என் ஃப்ரெண்ட் வீட்டுக்குப் போறேன். யார்கிட்டயும் சொல்லாத, என்ன?" என்றாள்.

நான் சொல்லவில்லை. அப்பா சிங்கப்பெருமாள் கோயில், தாம்பரம் என்று சொந்தக்காரர் வீடுகளிலெல்லாம் ஏறி இறங்கினார். இரண்டாம் நாள் மாலை என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"உங்கிட்ட எதனா சொன்னாளாம்மா? நான் திட்ட மாட்டேன். போய் கூட்டிட்டு வந்துடறேன்."

அப்பாவின் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. இல்லை என்று தலையை ஆட்டினேன். அத்தையைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் அன்று இரண்டு தோசை கூடுதலாகவே சாப்பிட்டேன்.

நான்காம் நாள் அத்தை ரயிலேறிவிட்டாள். டெல்லியிலிருந்து இரண்டே வரியில் ஒரு கடிதம் வந்தது. அப்பா பதில் போடவில்லை. பன்னிரண்டு வருஷம் கழித்து, அப்பாவின் சாவுக்குத்தான் அவள் மறுபடி எங்கள் வாசலை மிதித்தாள்.

கூட வந்திருந்த கடப்பாக்கத்துத் தோழி என்னைத் தனியே அழைத்துச் சொன்னாள்: "அப்போ மூணு நாளும் உங்க அத்தை பஸ் ஸ்டாப்பாண்டயே நின்னுகினு இருந்தா. 'இந்த பஸ்ல எங்க அண்ணன் வரும் பாரு'ன்னு ஒவ்வொரு பஸ்ஸுக்கும் சொல்லிகினு கெடந்தா."

அத்தை அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. யாரும் தேடி வரக்கூடாது என்று நினைப்பவள், ஒன்பது வயதுக் குழந்தையிடம் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டுப் போகமாட்டாள் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.