பல்லில் பறி, தொண்டையில் குரல்

வாயைத் திறக்காமல் குரல் வராது என்றுதான் ஐம்பது வயதுவரை நம்பியிருந்தேன். பசியாவரம் பக்கம், முழங்கால் அளவு ஏரித்தண்ணீரில் கேமராவில் படமெடுத்தபடி நடந்தபோது, "ம்ம்ம்!" என்று ஆண்குரலில் ஓர் உறுமல். அங்கே இருந்ததோ, பிடித்ததைப் போட்டுவைக்கும் ஓலைப்பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, தண்ணீரில் தவழ்ந்து கையால் இறால் தடவிப் பிடிக்கும் தலை நரைத்த அம்மாள் மட்டும். அவர் உதடு அசையவே இல்லை. பேய்தான் என்று திரும்பி ஓடிக் குப்புற விழுந்தேன்.

அம்மாள் பறியைக் கையில் எடுத்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னா சார் இந்த ஓட்டம்? முன்னால பள்ளம், போவாதன்னு கத்தினேன்."

"வாயே தெறக்கலியேம்மா?"

"கத்துறது தொண்ட சார். வாய் பேச்சுக்குத்தான். பறிய உட்டா இறாலு பூடுமே!"

"ஆம்பள குரலா இருந்துச்சே?"

"வயசாவ வயசாவ எனக்குத் தடிச்சுப்போச்சு. ஊட்டுக்காரருக்குத்தான் இப்போ கீச்சுக்குரலு."

அந்தப் பள்ளத்தில் தண்ணீர் ஆள் உயரத்துக்கு மேல். எனக்கு நீச்சல் தெரியாது. அவர் உறுமினார், நான் திரும்பினேன்.