கோழிப்பண்ணையில் இரண்டு ஓட்டு

"அம்மிணி, நம்ம மெஷினு ஓட்டே போட மாட்டேங்குது. என்னன்னு வந்து பாரு."

போன ஞாயிற்றுக்கிழமை காலை. காபி டம்ளரைக் கீழே வைக்கக்கூட இல்லை, போனில் செல்வண்ணன். பெரியப்பா மகன். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார்.

என்ன ஓட்டு? சொல்கிறேன். பிளாக்செயின் என்பது பல கம்ப்யூட்டர்கள் சேர்ந்து எழுதும் ஒரே கணக்குப் புத்தகம். எந்தப் பக்கம் சரி என்று அவை ஓட்டுப் போட்டு முடிவு செய்யும். ஓட்டு வேண்டுமா? உங்கள் காயின்களை, அதாவது அதில் ஓடும் டிஜிட்டல் பணத்தை, டெபாசிட்டாகப் பூட்டி வைக்க வேண்டும். பித்தலாட்டம் செய்தால் டெபாசிட்டில் வெட்டு விழும். ப்ரூஃப் ஆஃப் ஸ்டேக் என்பது இதுதான்.

அண்ணன் தன் காயின்களை ஒரு பெரிய கம்பெனியிடம் ஒப்படைக்க இருந்தார். நான்தான் தடுத்தேன். எல்லோரும் நாலு கம்பெனியிடமே கொடுத்தால், ஓட்டெல்லாம் அந்த நாலு பேர் கைக்குப் போய்விடாதா? பண்ணை ஆபீஸிலேயே ஒரு கம்ப்யூட்டரை வைத்துக் கொடுத்தேன். மூன்றே விஷயம் சொன்னேன். ஓட்டில் கையெழுத்துப் போடும் ரகசிய எண்ணான சாவியை யாருக்கும் தராதீர்கள். அப்டேட் வந்தால் என்னைக் கேளுங்கள். கரண்ட் போனால் விட்டுவிடுங்கள், வந்ததும் அதுவே எழுந்துகொள்ளும்.

அந்த மூன்றாவதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

போய்ப் பார்த்தேன். மேசை மேல் நான் வைத்த கம்ப்யூட்டர். மேசைக்கு அடியில் இன்னொன்று... அதே சாவியோடு!

"இது எதுக்குங்கண்ணா?"

"ஸ்டாண்ட்பை. தண்ணி மோட்டாரு ரெண்டு, ஜெனரேட்டரு ரெண்டு. இது மட்டும் ஒத்தையா நிக்கலாமா?"

"ஊட்டுல ஸ்டாண்ட்பை இல்லாதது நான் மட்டுந்தான் அம்மிணி" என்றார் அண்ணி.

அண்ணனைக் குறை சொல்ல முடியுமா? வெயில் காலத்தில் மோட்டார் நின்றால், சாயங்காலத்துக்குள் கோழிகள் செத்து விழும் தொழில்.

"நேத்து மழையில நெட்டு வாரதும் போறதுமா இருந்துச்சு. எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டையும் ஓட்டி உட்டேன்."

தலையில் கை வைத்துக்கொண்டேன். நெட் தடுமாறிய நேரத்தில், ஒன்று ஒரு பக்கத்தைச் சரி என்றிருக்கிறது. மற்றொன்று வேறு பக்கத்தை. ஒரே சாவி, இரண்டு முரணான ஓட்டு. நெட்வொர்க் டெபாசிட்டை வெட்டி, அண்ணனையும் வெளியே தள்ளிவிட்டது.

"சும்மா நிறுத்தி வெச்சிருந்தா?"

"துளியூண்டு கழிச்சிருக்கும். அவ்வளவுதானுங்கண்ணா."

"அப்ப தூங்குனவனுக்குத் துளி வெட்டு, ரெண்டு மடங்கு உழைச்சவனுக்குப் பெரிய வெட்டா? நல்ல நாயம்! யாருகிட்டப் பேசோணும், சொல்லு."

"பேச ஆளே கிடையாதுங்கண்ணா."

எப்படிப் புரியவைப்பது? சொல்லிப் பார்த்தேன். இவரிடம் ஒரு கணக்கு, அவரிடம் வேறு கணக்கு என்று காட்டுவதுதான் திருடனின் வேலை. அதற்கு வைத்த கத்தி இது. அதற்கு முகம் பார்க்கத் தெரியாது. முகம் பார்க்கிற கத்தியாக இருந்தால், அதை யாராவது விலைக்கு வாங்கிவிடுவார்களே!

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "நான் திருடுனேன்னு அதுல எழுதிருக்குதா?"

"பேரு இல்லீங்க. நம்பருதான்."

"நம்பரு நம்முளுதுதானே..."

அண்ணன் எழுந்தார்.

"டெபாசிட்டுல வெட்டுனது போக மிச்சம் திரும்பி வந்ததும் அந்தக் கம்பெனிக்கே குடுத்தர்றேன் அம்மிணி. அவுங்க பாத்துக்குவாங்க."

ஆக, அந்த நாலு கம்பெனிகள் ஓட்டுக் கேட்டு அலையவே வேண்டாம்... எங்கள் அண்ணன் மாதிரி பொறுப்பான ஆட்கள் ஊருக்கு ஒருவர் இருந்தால் போதும்!